ஸ்பிட்ஃபயர் கியர்பாக்ஸை இறக்குவதில்லை, ஏற்றுகிறோம்

பிரிட்டனின் பழைய இரு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் கியர்பாக்ஸ் காருக்கு அடியில் இறங்காது. அது பின்னோக்கி நகர்ந்து, உட்காரும் இடத்துக்குள் ஏறி, பயணி பக்கக் கதவு வழியாக வெளியே வரும். இதே காலத்து எம்.ஜி.பி காரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே முன்பக்கமாகத் தூக்க வேண்டும், அதற்கு கிரேன் தேவை. ஸ்பிட்ஃபயரில் இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும். கூலன்ட்டை வடிக்க வேண்டாம், கார்புரேட்டரைத் தொட வேண்டாம். இரண்டு பேரும் ஒரு சனி ஞாயிறும் போதும். பழகிய கை என்றால் ஒரே நாள்.

இப்படி அமைந்ததற்குக் காரணம் சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டு காரின் சேஸியைக் குறுக்கி அதன் மேல் கட்டப்பட்டது. நடுவில் முதுகெலும்பு போல ஓடும் இரண்டு இரும்புத் தூண்களுக்கு இடையே கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் கீழே அடைத்துக்கொண்டிருக்கும். கீழே வழி இல்லாததால் மேலே வழி விட்டிருக்கிறார்கள். மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே குடும்பம்தான். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ள முறை பெரும்பாலும் பொருந்தும், கிளட்ச் அளவு மட்டும் வேறு.

கோவென்ட்ரியின் கான்லி ஆலையில் 1962 முதல் 1980 வரை வந்த ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸ் ஒரே மாதிரி இருந்ததில்லை. மார்க் 1, 2, 3 மூன்றிலும் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் விழும்முன் வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. 1970-இல் வந்த மார்க் 4 முதல் நான்கு கியருக்கும் உண்டு. மார்க் 4 வரை எல்லாமே, கியரை மாற்றும் ராடு மூன்று கொண்ட பெட்டிகள். 1974 கடைசியில் வந்த 1500-இல் ஒரே ராடு கொண்ட பெட்டி. வேகமாக ஓடும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கூடுதல் காசுக்கு வந்தது. முதலில் லேகாக் நிறுவனத்தின் டி வகை, பிறகு ஜே வகை. பாகம் வாங்கும் முன் உங்கள் காரில் எது இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். அறுபது ஆண்டுகளில் இந்தக் கார்களில் கியர்பாக்ஸ் மாறாத கார்தான் அபூர்வம், சேஸி எண்ணை மட்டும் நம்பினால் தவறான சாமான் வரும்.

கழற்றத்தான் வேண்டுமா?

கியர் விழவில்லை, போட்டால் கறகறவென்று சத்தம் என்றால் உடனே சீட்டைக் கழற்ற வேண்டாம். முதலில், மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக அனுப்பும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரையும், அதைக் கியர்பாக்ஸ் பக்கம் பெறும் ஸ்லேவ் சிலிண்டரையும் பாருங்கள். கிளட்ச் பெடலான மிதிக்கும், மாஸ்டர் சிலிண்டர் ராடுக்கும் இடையே ஒரு பின் இருக்கிறது. அது தேய்ந்து, மிதியில் உள்ள துளையும் முட்டை வடிவமாகியிருந்தால், அங்கேயே பல மி.மீ. ஓட்டம் வீணாகும். மிதியை முழுக்க அழுத்தினாலும், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் முழுத் தூரம் போகாது. ஒரு புதுப் பின்னும் துளையை நிரப்பி மறுபடி போடுவதும் பல கார்களில் கியர்பாக்ஸ் வேலையையே மிச்சப்படுத்தும்.

ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றாலும் அப்படித்தான். ஆயில் அளவு, ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சாலினாய்டுக்கு வரும் வயர், மேல்மூடியில் உள்ள சுவிட்ச், பிறகு லீவர் அட்ஜஸ்ட்மென்ட் என்று வரிசையாகப் பாருங்கள். இவை எல்லாம், காருக்குள் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் மூடியைக் கழற்றினாலே எட்டும்.

சத்தத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால், முன் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் உள்ள துணைத் தண்டு) ஊசி பேரிங். மிதித்ததும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங், இன்ஜின் கிராங்க் நுனியில் உள்ள பைலட் புஷ்ஷையும் சந்தேகப்படலாம். ஒன்று, இரண்டு, மூன்றாம் கியர்களில் உறுமி நான்காவதில் அமைதியானால் லே ஷாஃப்ட் போய்விட்டது. நான்காவது நேரடி கியர், அதில் லே ஷாஃப்ட் வெறுமனே சுற்றுகிறதே தவிர சுமை தாங்குவதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் நழுவினால் சிங்க்ரோ ஹப்பும் அதன் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கலாம்.

கழற்றும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாசர்கள் தேய்ந்துவிட்டன. டிரையம்ஃபின் இந்த இன்ஜின்களுக்கு இது பேர்போன பலவீனம். தேய்ந்த வாசர் ஒருநாள் நழுவி, இன்ஜினின் அடி ஆயில் தொட்டியான சம்புக்குள் விழும், அதன் பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். இதைப் பார்க்காமல் புது கிளட்ச் போட்டால், புது பிரஷர் பிளேட்டின் விறைப்பு அந்த வாசரை இன்னும் வேகமாகத் தின்றுவிடும். நல்ல வேளையாக, சம்பைக் கழற்றினாலே, இன்ஜினைத் தூக்காமல் வாசரை மாற்ற முடியும். டயல் கேஜ் வைத்து அளந்து, உங்கள் இன்ஜினுக்கான கையேட்டு அளவோடு ஒப்பிட்டு, கூடுதல் தடிமன் வாசர் வேண்டுமா என்று முடிவுசெய்யுங்கள்.

கருவிகளும் சாமான்களும்

இந்தக் காரில் மரை எல்லாம் இஞ்சு அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பானர்கள்தான் அதிகம் புழங்கும். மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது, கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளில்தான். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பானர் உட்காரும், ஆனால் லூசாக உட்காரும். துருப்பிடித்த போல்ட்டில் ஒருமுறை வழுக்கினால் தலை உருண்டுவிடும். 9/16-க்கு 14 நுழையாது, 15 ஆடும். இரண்டு 1/2 ஸ்பானர்கள் வேண்டும், ஒன்று போல்ட்டுக்கு, ஒன்று நட்டுக்கு. நீளமான எக்ஸ்டென்ஷனும் மடங்கும் ஜாயின்ட்டும் இல்லாமல் மேல் போல்ட்டுகளுக்குக் கை போகாது.

இவற்றோடு ஜாக்கி, தடித்த பலகைத் துண்டு, நான்கு ஸ்டாண்டு, கிளட்ச் மையப்படுத்தும் டம்மி ஷாஃப்ட், டார்க் ரென்ச். போல்ட்டுகளைப் போட்டுவைக்க, இடம் எழுதிய சிறு பைகள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டியவர் மாட்டும்போது படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பெல் ஹவுசிங்கில் மட்டும் நீளம் வேறுபட்ட பல போல்ட்டுகள் உண்டு. ஒரு அட்டையில் வட்டம் வரைந்து, கழற்றும் வரிசையிலேயே அட்டையில் குத்திவைப்பது நல்ல வழி.

கியர்பாக்ஸ் வெளியே வந்துவிட்டால் கூடவே மாற்றிவிட வேண்டியவை: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், கிராங்கின் பின் ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன்மூடி சீலும் பேக்கிங்கும், வால் பக்க ஆயில் சீல், ஸ்பீடோ டிரைவின் ஓ ரிங், கியர்பாக்ஸ் தாங்கும் ரப்பர்கள், புரொப்பல்லர் ஷாஃப்டுக்குப் புது நைலாக் நட்டுகள், டனல் மூடியைச் சுற்றி ஒட்ட நுரைப்பட்டை. விலையில் பெரிய சாமான் கிளட்ச் மட்டுமே, மற்றவை சில்லறை. அந்தச் சில்லறைக்காக மறுபடி சீட்டைக் கழற்றுவது யாருக்கும் பிடிக்காது.

கிளட்ச் வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். மார்க் 1-க்கு காயில் ஸ்பிரிங் வகை, 6.25 அங்குலம். மார்க் 2-க்கும், 1300 இன்ஜின் கொண்ட மார்க் 3, 4-க்கும் டயஃப்ரம் வகை, 6.5 அங்குலம். 1500-க்கு 7.25 அங்குலம்.

கழற்றுதல்

பேட்டரியில் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மார்க் 1, 2-இல் எர்த் பாசிட்டிவ் முனை, மறக்க வேண்டாம். காரை நான்கு ஸ்டாண்டில், தரைக்கு இணையாக நிறுத்துங்கள். ரொம்ப உயரம் தேவையில்லை, அடியில் படுத்துக் கை நீட்டினால் போதும். உயரம் கூடக் கூட கியர்பாக்ஸைக் கதவு வழியாக இறக்குவது சிரமம்.

இரண்டு சீட்டுகளையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தாலும் நடக்கும், ஆனால் இடுப்பு வலிக்கும். கார்பெட்டைச் சுருட்டி எடுத்து, கியர் நாப், ரப்பர் உறை எல்லாம் கழற்றி, டேஷ்போர்டைத் தரையோடு இணைக்கும் நடுத் தாங்கியை எடுங்கள். மேலே டேஷ்போர்டின் அடியிலும் கீழே தரையிலும் அது பிடித்திருக்கும். அதில் மாட்டிய சுவிட்ச் வயர்களுக்கு அடையாளம் ஒட்டுங்கள்.

பிறகு டனல் மூடி. முதலில் வந்தவை அழுத்திய அட்டையால் ஆனவை. பழைய காரில் நனைந்து உப்பியிருக்கும், திருகைச் சுற்றிக் கிழிந்திருக்கும். இப்போது ஃபைபர் கிளாஸிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. ஓரம் முழுக்கத் திருகுகள், சில தரை விளிம்பின் அடியில் ஒளிந்திருக்கும். ஒன்றை மறந்து இழுத்தால் அட்டை அங்கேயே கிழியும். மூடி வெளியே வந்துவிட்டால் கியர்பாக்ஸ் முழுவதும் கண்முன்னே இருக்கும்.

கியர் லீவரைக் கழற்றுவதில் இரண்டு வகை. 1500-இன் ஒற்றை ராடு பெட்டியில் லீவரின் அடிமூடியைக் கீழே அழுத்தித் திருப்பினால் பூட்டு விடும். உள்ளே சத்தம் வராமல் தடுக்கும் சிறு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கும், அவை துள்ளி ஓடக்கூடியவை. மூன்று ராடு பெட்டியில் லீவர் நீட்டிப்பை மேல்மூடியோடு சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. கியர்பாக்ஸின் உயரம் குறையும், டேஷ்போர்டுக்கு அடியில் நகர்த்த இடம் கிடைக்கும். மூடியைத் தூக்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். திறந்த வாயை அட்டையும் டேப்பும் போட்டு மூடுங்கள். உள்ளே ஒரு வாசர் விழுந்தால் பெட்டியைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டிவரும்.

இனி கியர்பாக்ஸோடு இணைந்த ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் பிளேஞ்சில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு நான்கு நட்டுகளையும் கழற்றுங்கள். அதே நிலையில் மாட்டாவிட்டால் சில சமயம் அதிர்வு வரும். ஸ்பீடோ கேபிளின் வளையத்தைத் திருகி இழுத்து ஒதுக்கிக் கட்டுங்கள். ரிவர்ஸ் விளக்கு, ஓவர்டிரைவ் வயர்களை அடையாளமிட்டுப் பிரியுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் போல்ட்டைக் கழற்றி, பைப்போடு சேர்த்தே வெளியே இழுத்து ஓரமாகக் கட்டுங்கள். பிஸ்டன் வெளியே துள்ளாமல் கம்பியால் சுற்றிவையுங்கள். இனி வேலை முடியும்வரை யாரும் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது என்று மிதியிலேயே ஒரு சீட்டு கட்டுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுக்கும்போது அதற்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஷிம் (மெல்லிய தகடு) இருந்தால் மோட்டாரோடு கட்டிவையுங்கள். அது பல்சக்கரத்தின் தூரத்தை நிர்ணயிக்கிறது. சைலன்சர் பைப்பை பெல் ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் தாங்கி, பின்பக்க ரப்பர் தாங்கிகளின் நட்டுகள் ஆகியவற்றையும் கழற்றுங்கள்.

ஆயிலை இப்போதே வடிக்கலாம். வடிக்கும் பிளக் இல்லாத பெட்டிகளும் உண்டு. அப்படியானால் பின் முனையைச் சாய்க்கும்போது வால் பக்கத்தில் ஆயில் ஒழுகும், பழைய துணியைத் தயாராக வையுங்கள்.

கியர்பாக்ஸ் ரப்பரிலிருந்து விடுபட்டதும் இன்ஜின் தன் பின் முனையில் சாயும். அதற்கு முன்பே சம்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியைத் தொட்டு நிறுத்தியிருக்க வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைத்தால் சம்பு தகடு உள்வாங்கி ஆயில் பம்ப்பின் வாயை நெருக்கும். இன்ஜினைச் சற்றே தாழ்த்தினால் மேல் பெல் ஹவுசிங் போல்ட்டுகளுக்குக் கை எட்டும். தாழ்த்தும்போது ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், ஆக்சிலரேட்டர் இணைப்பு, சைலன்சர் பைப் எதுவும் இழுபடுகிறதா என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டோம் என்று நினைக்கும்போது பெரும்பாலும் ஒன்று மிச்சம் இருக்கும். கியர்பாக்ஸ் அசையவில்லை என்றால் இடைவெளியில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அலுமினியம் உடையும். விரலால் தடவி எல்லாத் துளைகளையும் எண்ணுங்கள்.

இழுப்பது நேர் பின்னோக்கி. முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுவிலிருந்து முழுவதும் வெளியே வரும்வரை கியர்பாக்ஸின் எடை ஒரு கணம்கூட அந்த ஷாஃப்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். வளைந்த பிளேட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் கிளட்ச் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் விடுபட்டதும் முன்முனையைத் தூக்கி, பெட்டியைத் திருப்பி, பயணி பக்கமாகக் கொண்டுவந்து கதவு வழியாக எடுங்கள். ஓவர்டிரைவ் உள்ளது நீளமும் எடையும் கூடுதல், அதற்கு இருவர் கட்டாயம். கதவு அடிவிளிம்பில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டால் பெயின்ட் பிழைக்கும்.

வெளியே வந்த பின்

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள். கறுத்த, மெல்லிய ஆயில் இன்ஜினுடையது, கிராங்க் பின் சீல்தான் காரணம். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், முன்மூடி சீலைப் பாருங்கள். பின் சீலை ஏந்தும் அலுமினியக் கூடு பிளாக்கில் பிடித்திருக்கும். அதன் அடியில் வரும் சம்பு போல்ட்டுகளை மிதமிஞ்சி முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவரும். பல கார்களில் முன்பே பிய்ந்திருக்கும்.

பிளைவீலில் நீலத் திட்டுகள், நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் பட்டறையில் முகம் வெட்டக் கொடுங்கள். ஸ்டார்ட்டர் பல்சக்கரத்தில் ஒரே இடத்தில் பற்கள் தேய்ந்திருப்பது சகஜம், இன்ஜின் எப்போதும் அந்த நிலையிலேயே நிற்பதால் வருவது.

பைலட் புஷ் சிறியதுதான், ஆனால் அலட்சியப்படுத்தினால் எல்லா வேலையும் வீண். கிராங்கின் பின் துளையில் இருக்கும் இந்த வெண்கலப் புஷ்தான் முன் ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிறது. பழையதை எடுக்க எளிய வழி: துளையில் கிரீஸை நிரப்பி, சரியாகப் பொருந்தும் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியால் தட்டுங்கள். கிரீஸ் பின்னால் போய் புஷ்ஷை வெளியே தள்ளும். பிறகு கிரீஸைத் துப்புரவாகத் துடையுங்கள். புதுப் புஷ் துளைகள் நிறைந்த வெண்கலம். ஒரு இரவு இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துவிட்டு அடித்து ஏற்றுங்கள். ஊறாத புஷ் சீக்கிரம் கீச்சிடும், கிரீஸ் தடவினால் பிறகு கிளட்ச் பிளேட்டில்தான் சிதறும்.

ரிலீஸ் ஃபோர்க்கின் பின்னும் துளைகளும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பேரிங் கூடு வழுக்கும் முன்மூடியின் குழல் வரிவரியாகக் கீறியிருந்தால் மிதி விக்கி விக்கித் திரும்பும்.

டி வகை ஓவர்டிரைவ் என்றால் இதுதான் சந்தர்ப்பம். அதன் அடி பிளக்கைத் திறந்து வடிகட்டியைக் கழுவுங்கள். சாலினாய்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பிடித்த நிலையில், வெளி லீவரில் உள்ள துளையும் கூட்டில் உள்ள துளையும் நேராக வர வேண்டும். 3/16 அங்குல டிரில் பிட்டை இரண்டிலும் செருகிப் பார்த்தால் தெரியும். செருகவில்லை என்றால் லீவரின் பிடி போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். இது சரியில்லாததால்தான் பல ஓவர்டிரைவ்கள் கெட்டுப்போனதாகக் கழித்துப் போடப்படுகின்றன.

மாட்டுதல்: கடைசி ஒரு சென்டிமீட்டர்

பிளைவீல், பிரஷர் பிளேட் முகங்களை பிரேக் கிளீனரால் துடையுங்கள். கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் புடைப்பு பிளைவீல் போல்ட்டுகளில் உரசும், கியரே விழாது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வைக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். டம்மி ஷாஃப்டைச் செருகி, ஆறு போல்ட்டுகளையும் குறுக்குக் குறுக்காக இறுக்கி, 20 அடி பவுண்டு, அதாவது 27 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள். டம்மி ஷாஃப்டை இழுத்தால் பிடிமானம் இல்லாமல் வர வேண்டும், இறுகிப் பிடித்தால் மையம் தப்பியிருக்கிறது.

முன் ஷாஃப்டின் பற்களில் உயர் வெப்ப கிரீஸ் ஒரு பூச்சு, விரலால் தேய்த்துத் துடைத்த அளவு. ரிலீஸ் பேரிங்கை ஃபோர்க்கில் மாட்டி, ஃபோர்க் பின்வாங்காதபடி மெல்லிய கம்பியால் வெளிப்பக்கம் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் பெட்டியைத் தள்ளும்போது பேரிங் ஃபோர்க்கிலிருந்து நழுவும், அது உள்ளே தெரியாது.

தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்டுகள், சுமார் 10 செ.மீ. நீளத்தில், பெல் ஹவுசிங்கின் இருபுறத் துளைகளில் வழிகாட்டிக் கம்பிகளாக இருந்தால் பாதி வேலை குறையும். பெட்டியை டாப் கியரில் வையுங்கள். மேல்மூடி இல்லாத மூன்று ராடு பெட்டியில் மூன்று, நான்கு கியருக்கான ஸ்லீவை முன்னோக்கித் தள்ளினால் டாப் கியர். இனி பின் பிளேஞ்சைக் கையால் சுற்றினால் முன் ஷாஃப்டும் சுற்றும், பற்கள் பிளேட்டைத் தேடிப் பொருந்தும்.

பெட்டி ஏறக்குறைய முழுதும் போய், கடைசி ஒரு சென்டிமீட்டரில் நிற்கும். எல்லோருக்கும் நிற்கும். இந்த இடத்தில் பொறுமையிழந்து, போல்ட்டுகளைப் போட்டு முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். ஷாஃப்டின் நுனி பைலட் புஷ்ஷின் உதட்டில் முட்டிக்கொண்டிருக்கலாம். போல்ட்டால் இழுத்தால் புஷ் நசுங்கும், பிளேட் வளையும், அல்லது பெல் ஹவுசிங்கின் காது உடையும். உடைந்த காதோடு எத்தனையோ பெட்டிகள் பழைய சாமான் கடைகளில் கிடக்கின்றன.

பெட்டி நிற்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கோணம்தான். இன்ஜின் ஒரு சாய்வில், கியர்பாக்ஸ் வேறு சாய்வில். டார்ச் அடித்து இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். கீழே அகலம், மேலே குறுகல் என்றால் இன்ஜினின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, ஜாக்கியைச் சற்று ஏற்றுங்கள், அல்லது கியர்பாக்ஸின் வாலைத் தாழ்த்துங்கள். மேலே அகலம் என்றால் நேர்மாறாக. சுற்றிலும் ஒரே இடைவெளி வந்த நொடியில், பிளேஞ்சைச் சற்றே சுற்றி வாலை அசைத்தால், பெட்டி தானாகவே உள்ளே போய் தட்டென்று உட்காரும். கையாலேயே மூடாத இடைவெளியை ஸ்பானரால் மூடக் கூடாது. கோணம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் பெட்டியை இழுத்து எடுத்து, டம்மி ஷாஃப்டால் பிளேட்டின் மையத்தை மறுபடி பாருங்கள். இருபது நிமிடம்தான்.

உட்கார்ந்ததும் எதிரெதிராக இரண்டு போல்ட்டுகளை விரலால் போட்டு, வழிகாட்டிக் கம்பிகளை எடுத்து, மற்றவற்றை அட்டையில் குத்தியபடி மாட்டுங்கள். டாப் கியரில் வைத்த ஸ்லீவை நியூட்ரலுக்குத் திருப்பிய பிறகே மேல்மூடி. ஃபோர்க்குகள் தத்தம் பள்ளத்தில் இறங்கினவா என்று எல்லா கியரையும் கையால் போட்டுப் பாருங்கள். ஃபோர்க்கைக் கட்டிய கம்பியை அவிழ்க்க மறக்காதீர்கள். பின் ரப்பர்கள், ஸ்டார்ட்டர், சைலன்சர் தாங்கி, ஸ்பீடோ, வயர்கள், புது நைலாக்குகளோடு புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். ஸ்லேவ் சிலிண்டரை மாட்டும்போது அதன் தள்ளு ராடு லீவரின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஆயில்

ஓவர்டிரைவ் இல்லாத மூன்று ராடு பெட்டிக்கு 0.85 லிட்டர், டி வகை ஓவர்டிரைவோடு 1.35 லிட்டர். இதை வாங்கும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும் அளவைக் காட்டுவது பக்கவாட்டு பிளக்தான். கார் சமமாக நிற்க, பிளக் துளையில் ஆயில் வழிந்து நின்றால் போதும். ஓவர்டிரைவ் இருந்தால் சிறிது ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், அது கொஞ்சம் குடித்திருக்கும்.

ஜி.எல்.4 தர ஆயில் மட்டுமே. ஜி.எல்.5 புதியது, உயர்ந்தது என்று கடையில் கொடுப்பார்கள். ஆக்சிலுக்கு அது நல்லதுதான். இந்தப் பெட்டியின் சிங்க்ரோ வளையங்களும் புஷ்களும் பித்தளை, வெண்கலம். ஜி.எல்.5-இல் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் அந்த மஞ்சள் உலோகத்தை அரிக்கும்.

மூடியைப் போடும் முன்

டனல் மூடியும் சீட்டும் இல்லாமலேயே சோதியுங்கள். மூடியைப் போட்டுவிட்டு ஒழுகலைக் கண்டுபிடிப்பதைவிட வெறுப்பான வேலை இல்லை. ஸ்லேவைக் கழற்றியபோது பைப்பைப் பிரிக்காவிட்டாலும் ஒருமுறை காற்று வெளியேற்றிவிடுங்கள். பின் சக்கரங்கள் காற்றில் இருக்க, இன்ஜினை ஓட்டி, மிதியை அழுத்தி மூன்று எண்ணும் நேரம் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். கறகறத்தால் வரிசையாக: காற்று இருக்கிறதா, தள்ளு ராடு குழியில் இருக்கிறதா, மிதிப் பின் தேய்ந்திருக்கிறதா. இவை மூன்றும் சரியென்றால், பிளேட் திரும்பியிருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. அப்போது கியர்பாக்ஸைத்தான் மறுபடி கழற்ற வேண்டும்.

எல்லா கியரும், ஓவர்டிரைவும் ஸ்டாண்டில் வேலை செய்து, வால் சீலும் முன் இணைப்பும் உலர்ந்திருந்தால் மூடியைப் போடலாம். அதற்கு முன் அதில் ஒரு சிறு வேலை: ஆயில் பிளக்குக்கு நேராக ஒரு துளை போட்டு ரப்பர் அடைப்பான் வையுங்கள், இனி ஆயில் பார்க்க மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. ஓரம் முழுக்கப் புது நுரைப்பட்டை ஒட்டுங்கள். பட்டை இல்லாத மூடி வழியாக இன்ஜின் சூடு, சைலன்சர் புகை, மழைத் தண்ணீர் மூன்றும் காலடிக்கு வரும். எல்லாத் திருகுகளையும் பாதி ஏற்றிவிட்டு, மூடி நேராக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு இறுக்குங்கள். முதல் 500 கி.மீ. ஓடியதும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நட்டுகளையும் பின் ரப்பர் நட்டுகளையும் ஒரு சுற்று பாருங்கள், ரப்பர் அமுங்கியதால் கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கும்.